சஹனுக்கு வந்த எட்டாவது ஆள்

"பேனைய மூடி வைங்க" என்கிறார் துஷ்யந்தி டீச்சர். வெண்பலகையில் கணக்கை எழுதி முடித்த கையோடு அவர் வாயிலிருந்து வருவது இதுதான். நாங்கள் மூடுகிறோம். ஜஹானா மட்டும் மூடியது போலப் பாசாங்கு செய்து பேனையை விரலிடுக்கில் ஒளித்து வைப்பார். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பாமலே, "ஜஹானாக்கா, அதையுந்தான்" என்பார். பேனை கையில் இருந்தால் அது தன்பாட்டில் எழுதத் தொடங்கிவிடுமாம். தலை அதற்குப் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியிருக்குமாம். கணக்குப் படிக்க வந்த இடத்தில் பேனையை மூடச் சொல்லும் ஆளை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை.

பேனை மூடியானதும் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டுவார். வலக்கை மெல்ல மேலே ஏறும். "இது கூடுது. மத்தது என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு இடக்கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொள்வார். நாங்கள் சொன்னால்தான் அது அசையும். வலக்கையோடு சேர்ந்து ஏறச் சொன்னால் நேர் விகிதசமன். வலக்கை ஏற ஏற இடக்கை இறங்கவேண்டுமென்றால் நேர்மாறு விகிதசமன். நாங்கள் முழித்துக்கொண்டிருந்தால் கையும் முழித்துக்கொண்டு நிற்கும். கை கடுக்கும், ஆனாலும் இறக்கமாட்டார். பிடிவாதக்காரி.

பார்த்தால் பிடிவாதம் உள்ளவர் போலத் தெரியாது. வயது முப்பத்தொன்று. மெலிந்த உடம்பு, தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை, மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் ஒரு குடை. வலக்கைச் சுட்டுவிரல் நுனியில் எப்போதும் நீல மை. எழுதியதை அழிக்கத் துணி தேடும் பொறுமை கிடையாது, விரலாலேயே அழித்துவிடுவார். தொண்டைக்காக வாயில் ஒரு கராம்பை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். மஹய்யாவையில் வீடு. தகப்பனார் மாநகர சபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிழமை நாட்களில் டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். சனிக்கிழமை மடவளைக்கு வந்து, சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டைவிட்ட பெண்களாகிய எங்களுக்குப் படிப்பிக்கிறார். எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் ஒழுங்கு செய்த வகுப்பு அது. ஒருத்தி தவறாமல் எல்லோரும் டீச்சரைவிட மூத்தவர்கள். அவர் எங்களை அக்கா என்கிறார், நாங்கள் அவரை டீச்சர் என்கிறோம். யார் யாருக்குப் பயப்படுவது என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

வகுப்பு நடப்பது ஜஹானா வீட்டு முன் ஹோலில். ஜஹானாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தையல்காரி. இரண்டு தையல் மெஷின்களையும் சுவரோரம் தள்ளி, மேலே பெட்ஷீட் போட்டு மூடிவிட்டுக் கதிரைகளைப் போடுவார். இந்த வயதில் எதற்குக் கணக்கு என்று கேட்டால், உம்மாவுக்கு ஏலாது என்று மகள் சொல்லிவிட்டாளாம், அதற்காகவாம். பரீட்சை எழுத இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

என் காரணம் அவ்வளவு சிரிப்பானதல்ல. என் பெயர் ரிப்கா. பல வருஷமாக ஒரு நூலகத்தில் தற்காலிக உதவியாளர். சாதாரண தரத்தில் எனக்குத் தமிழில் ஏ, தமிழ் இலக்கியத்தில் ஏ, கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. அந்த டபிள்யூவோடு காலம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்: கணிதம் சித்தியடைந்தவர்கள் நிரந்தரம், மற்றவர்கள் வரும் ஆண்டோடு வீட்டுக்குப் போகலாம். புத்தகங்களுக்கு நடுவில் இருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவள் நான். ஆத்திரத்தில் ஒரு முறை தனியாகப் படித்து எழுதினேன், மறுபடியும் டபிள்யூ. இனி ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் தவணை இருந்தது. அந்த நிலையில்தான் துஷ்யந்தி டீச்சரிடம் வந்து சேர்ந்தேன்.

முதல் மாதமே என் வியாதி என்னவென்று கண்டுபிடித்துவிட்டார். எட்டுப் பேர் ஒரு வேலையைப் பதினைந்து நாளில் முடிக்கிறார்கள், பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டிருந்தார். நான் கடகடவென்று பெருக்கிப் பிரித்து இருபத்திரண்டரை நாள் என்றேன். மற்ற வாத்திமாராக இருந்தால் பிழை என்று ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் கராம்பைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "எப்படிங்கக்கா? ஆள் கூடிச்சு, நாளும் கூடுதா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடத்தான் செய்யும் என்றேன். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேலை செய்ய எட்டுப் பேர் வந்தால் ஒரு நாளில் முடியும். பன்னிரண்டு பேர் வந்தால் அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும், பலகாரம் வைக்கவேண்டும், மாமி வீட்டு ஆள் யார், மச்சி வீட்டு ஆள் யார் என்று பார்த்துப் பேசவேண்டும், பாதி வேலை அடுத்த நாளைக்குப் போகும். இது ஊரறிந்த விஷயம் என்று வாதாடினேன். வகுப்பு முழுதும் என் பக்கம் நின்றது. ஜஹானா இன்னும் ஒரு படி மேலே போய், பன்னிரண்டு பேர் என்றால் ஒரு சண்டையும் வரும், அதற்கும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றார்.

டீச்சர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "கணக்குல வர்ற ஆளுங்க டீ குடிக்கமாட்டாங்கக்கா. சண்டையும் போடமாட்டாங்க. பாவம், அவங்களுக்கு மாமி மச்சி யாருமே இல்ல."

எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு சரி, எனக்கு விளங்கவில்லை. கூடினால் குறையும் என்று வாயால் சொல்லப் பழகிக்கொண்டேன். எந்த இடத்தில் அப்படிச் சொல்வது என்று தெரியாமல், எல்லா இடத்திலும் சொன்னேன். ஒரு கிலோ சீனியின் விலையைத் தந்து மூன்று கிலோவுக்குக் கேட்டபோதும் குறையும் என்றேன். அப்படியொரு கடை மடவளையில் இருந்தால் டீச்சரும் வருவதாகச் சொன்னார்.

அவருடைய வேறு சில குணங்களையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை அவருக்கு விரதம், மரக்கறிதான். ஜஹானா அவருக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி அலுமாரியில் தனியாக வைத்திருக்கிறார். அதில் மீனோ இறைச்சியோ ஏறியதே கிடையாது. ஒரு கறி போதும் என்று டீச்சர் சொல்வார், ஜஹானா மூன்று வைப்பார். "கறி கூடினா கேஸ் தாங்குற நாள் குறையும்கா" என்று அப்போதும் பாடம் நடக்கும். அவருக்குச் சமைக்கத் தெரியாது. அதை ஒரு பட்டம் போலப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பலாக்கொட்டைக் கறியை மட்டும் வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். யாராவது தன்னைப் புகழ்ந்தால் உடனே குடையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

ஜஹானாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, விரதமில்லாத நாள். டீச்சரையும் அழைத்தோம். எங்கள் வழக்கத்தில் கல்யாணச் சோறு சஹனில்தான். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். டீச்சருக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஜஹானா தனிப் பீங்கான் தட்டும் கதிரையும் மேசையும் ஆயத்தமாக வைத்திருந்தார். டீச்சர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு பாயில் எங்களோடு ஆறாவது ஆளாக உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர் தன் பக்கத்துக் கோழித் துண்டை இவர் பக்கம் தள்ளி வைத்ததும், இவர் அதைத் திருப்பித் தள்ளியதும், சாப்பாடு முடியும் வரை நடந்தது. அப்போதே அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சாப்பாட்டின் ருசி என்று நினைத்தேன். கணக்கு என்று அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது.

அன்று வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. இவர்களுக்கு இவர்களுடைய சாப்பாட்டிலிருந்தே உதாரணம் கிடைத்துவிட்டது, இனிப் புரியாமல் போகாது என்ற சந்தோஷம். பலகையில் பெரிதாக எழுதினார்: ஆறு பேருக்கு ஒரு சஹன், எட்டுப் பேருக்கு? பேனைகளை மூடச் சொன்னார். கையை நீட்டினார்.

"ரெண்டு" என்றோம். ஒரே குரலில், அதுவரை எந்தக் கேள்விக்கும் வராத உறுதியோடு.

டீச்சர் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒன்பது பேருக்கு என்று கேட்டார். ரெண்டு. பன்னிரண்டு பேருக்கு? ரெண்டு. பதின்மூன்று? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மூன்று என்று சிலர் சொன்னார்கள். பதின்மூன்றாவது ஆள் சொந்தக்காரராக இருந்தால் ரெண்டுதான், நெருங்கி உட்காரலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றால் கட்டாயம் மூன்று. எட்டுப் பேருக்கு விடை ஒன்றும் மூன்றில் ஒன்றும் என்று டீச்சர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஜஹானாவுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது.

"மூணுல ஒண்டு சஹன எப்படி டீச்சர் சபைக்கு எடுத்திட்டு போற? ஆக்கள் என்த நெனைப்பாங்க?"

டீச்சர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த உதாரணத்தைக் கவிழ்த்துவிட்டோமே, இனி இவளுகளுக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் திரும்பினார். "நீங்க சொல்றதுதாங்க சரி. சஹன் விகிதசமன்ல போகாது, அது முழுசு முழுசாத்தான் போகும். உள்ள இருக்கிற அரிசிதான் விகிதசமன்ல போகும். உதாரணத்த நாந்தான் தப்பா எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, நீல விரலால் அத்தனையையும் அழித்தார்.

சின்ன வயதில் என் கணக்கு வாத்திமார் யாரும் தங்கள் பக்கம் பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிழைகள் எல்லாம் எங்களுடையவை என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அழித்த இடத்தில் அவர் வேறொன்று கேட்டார். கல்யாண வீட்டில் சோறு முடிந்துவிட்டது, இரண்டாவது சஹன் கிடையவே கிடையாது, இருப்பது ஒன்றுதான். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர்களும் உட்காருகிறார்கள். வலக்கை ஏறியது. "ஆள் கூடுது. ஆளுக்குக் கெடைக்கிறது?"

"பரக்கத் ஈக்கி டீச்சர். எட்டுப் பேருக்கும் காணும்" என்றார் ஜஹானா. இறைவன் தரும் நிறைவு இருக்கிறது, குறையாது என்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை. "இருக்குங்கக்கா, நானும் அன்னைக்குப் பாத்தேன். அத சாப்பிடுறப்ப வெச்சுக்குங்க. பரீட்சைத் தாள்ல மட்டும் எழுதிறாதீங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிப்காக்கா, இங்க எது மாறல?"

அதுவரை எது கூடும், எது குறையும் என்றுதான் நான் தவித்துக்கொண்டிருந்தேன். மாறாத ஒன்று இருக்கிறது என்ற பக்கம் என் புத்தி போனதே இல்லை. அந்தச் சஹன் கண்ணுக்கு முன்னால் வந்தது. வருகிறவர் வரட்டும், நெருங்கி உட்காரட்டும், தட்டில் இருக்கும் சோறு அதேதான். சோறு மாறவில்லை என்றேன். டீச்சர் அந்தச் சோற்றை இருநூற்று நாற்பது பிடி என்று வைத்தார். ஆறு பேர் என்றால் ஆளுக்கு நாற்பது பிடி. எட்டுப் பேர் என்றால் முப்பது. ஆறையும் நாற்பதையும் பெருக்கினாலும் எட்டையும் முப்பதையும் பெருக்கினாலும் அதே இருநூற்று நாற்பது. அதற்குப் பெயர் மாறிலி என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நூறு தரம் வாசித்திருக்கிறேன். எனக்கு அன்றைக்குத்தான் அது சோறு என்று தெரிந்தது.

அப்போது எனக்கு உள்ளே ஏதோ ஓடியது. மூடி வைத்த பேனையை மூடியபடியே பிடித்துக்கொண்டு, "பத்து நாள்" என்றேன்.

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று யாரும் நாள் கணக்குக் கேட்கவில்லை. டீச்சருக்கு மட்டும் விளங்கியது. பன்னிரண்டு பேர், அந்தப் பழைய வேலை, என்னுடைய இருபத்திரண்டரை நாள். வேலைதான் அங்கே சஹன், அது மாறாது. எட்டுப் பேர் பதினைந்து நாளாகச் செய்வதைப் பன்னிரண்டு பேர் பத்து நாளில் செய்வார்கள். அவர் நீட்டிய இரண்டு கைகளையும் இறக்கிவிட்டு, "ஆமாங்கக்கா, பத்து நாள்" என்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது. கராம்பு தொண்டைக்குள் போயிருக்கலாம். போகவில்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

அதற்குப் பிறகு நான் பெரிய கணக்குப் புலியாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். கோடும் வட்டமுமாக வரும் கேத்திரகணிதம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஆனால் கேள்வியைக் கண்டு நடுங்குவது நின்றது. எந்தக் கணக்கிலும் அசையாமல் இருப்பது எது என்று முதலில் தேடினேன். சிலவற்றில் அது கிடைத்தது, சிலவற்றில் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது டீச்சர் பக்கத்தில் வந்து குந்துவார். விடையைச் சொல்லமாட்டார். நான் தேடும்வரை தானும் தேடுவது போல இருப்பார்.

பரீட்சை நாளன்று மண்டப வாசலில் நின்ற மேற்பார்வையாளர், பெற்றோர் கேற்றுக்கு வெளியே நிற்கவேண்டும் என்று என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அனுமதி அட்டையைக் காட்டியதும் மனிதர் என்னைவிட அதிகமாக வெட்கப்பட்டுப்போனார். என் முன்வரிசையில் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி. பென்சில் இருக்கிறதா மாமி என்று அக்கறையாகக் கேட்டாள். தாளைத் திருப்பினால் தண்ணீர்த் தாங்கி ஒன்றை நான்கு குழாய்கள் நிரப்பிக்கொண்டிருந்தன, ஆறு குழாய்களைத் திறந்தால் எவ்வளவு நேரம் என்று இருந்தது. பேனையை மூடினேன். தாங்கி மாறாது என்று மனத்துக்குள் சொன்னேன். பிறகுதான் திறந்தேன். ஜஹானா வேறு வரிசையில் இருந்தார். அவர் பரக்கத்தை எழுதவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார்.

பெறுபேறு வந்த அன்று காலை நான் ஜஹானா வீட்டில்தான் இருந்தேன். இணையத்தில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நூலகத்தில் எனக்கு மேலே இருப்பவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். அவருக்கும் பதில் வேண்டும், என் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதா இல்லையா என்று. ஜஹானாதான் என் பரீட்சை இலக்கத்தைப் போட்டார். திறந்தது. கணிதத்துக்கு எதிரே சி. திறமைச் சித்தி. ஜஹானா என் கையிலிருந்து போனைப் பறித்துத் தன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். பிறகு தன்னுடைய இலக்கத்தைப் போடக்கூட நினைவில்லாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அடுத்து என் வாயில் வந்தது துஷ்யந்தி டீச்சர் பெயர்தான். நூலகத்துக்கு இன்னும் சொல்லவில்லை, வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை, டீச்சருக்கு எடுத்தேன்.

டீச்சர் பஸ்ஸில் இருந்தார். தம்பிக்குக் கல்யாணம், கூறைச் சேலை எடுக்க அம்மாவோடு மஹய்யாவையிலிருந்து டவுனுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். பஸ்ஸில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். சத்தமாகச் சொல்லுங்கக்கா என்றார்.

"டீச்சர், சி" என்றேன்.

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், போகவில்லை. பிறகு அவர் குரல் கேட்டது. பேசியது என்னோடு இல்லை. "அம்மா, நீங்க போய்க்கிட்டே இருங்க. கடையில உக்காந்திருங்க, நான் பின்னால வாறேன்." எங்கேடி என்று அம்மா கேட்பது கேட்டது. மணி அடித்தது. இது பஸ் நிற்கும் ஹோல்ட் இல்லை என்று கொண்டக்டர் சிங்களத்தில் கத்துவதும், "பஹினவா, பஹினவா" என்று டீச்சர் இறங்கக் கேட்டு அவரைவிட உரக்கக் கத்துவதும் கேட்டது. பிறகு பாட்டு நின்று தெருவின் இரைச்சல் வந்தது.

"போன வைங்கக்கா" என்றார், மூச்சு வாங்க. "எதிர்ப் பக்கத்துல மடவளை பஸ் ஒண்ணு வருது. நான் ஓடணும்."